காரைக்குடியில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர்: ஆறு பேர் குழுவுக்கு எந்தச் செயலி?

பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் எங்கள் குழுவுக்குப் போன வருஷம் 576 கல் வீணானது. 10 அங்குல ஆத்தங்குடி டைல்ஸ், 400 சதுர அடி. ஒரு வீட்டின் பட்டாலை என்ற கூடத்துக்காக ஊற்றியது. ஓரப் பூவில் பச்சை வேண்டாம், சிவப்பு போடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சொன்னது வாட்ஸ்அப்பில், நாலு நிமிடக் குரல் பதிவில், மூன்றாவது நிமிடத்துக்கு மேல். அதற்கு முன்னால் கிணற்றடியைப் பற்றியும் மின் இணைப்பைப் பற்றியும் பேசியிருந்தார். பதிவைக் கேட்டது மூன்று பேர். ஆத்தங்குடியில் கல் ஊற்றுகிறவருக்கு மற்றவர் சொல்லியிருப்பார் என்று மூன்று பேருமே இருந்துவிட்டோம்.

அந்தக் கல்லை ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் வலி புரியும். கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, மேலே ஈரச் சாந்து போட்டு மட்டம் செய்வார்கள். அப்புறம் காயப்போட்டு, தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறவைக்க வேண்டும். கண்ணாடியைப் பிரித்த பிறகுதான் பூவின் முகம் பளபளவென்று தெரியும். எங்களுக்குத் தெரிந்தது பச்சை. சிமென்டோடு சேர்ந்து இறுகிய நிறத்தை யாராலும் மாற்ற முடியாது. நஷ்டத்தை நாங்களே ஏற்றோம், கல்லை மறுபடி ஊற்றினோம்.

அதற்குப் பிறகு பத்து மாதம், எங்கள் குழு எதில் பேசுவது, எதில் குறிப்பது, எதில் தேதி போடுவது என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். இதே மாதிரி ஊருக்கு ஒருவராகச் சிதறியிருக்கும் சிறு குழுக்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. பலகாரம் அனுப்புகிறவர்கள், கண்டாங்கிச் சேலை விற்பவர்கள், பழைய வீட்டை விருந்தினர் இல்லமாக நடத்துபவர்கள். அவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வேலை செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது. நான் காரைக்குடியில். மேஸ்திரி கானாடுகாத்தானில். கல் ஊற்றும் அண்ணன் ஆத்தங்குடியில். கணக்குப் பார்க்கும் அக்கா தேவகோட்டையில். வரைபடம் போடும் தம்பி சென்னையில். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களிடம் பேசும் தங்கை சிங்கப்பூரில். ஆறு பேரும் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்ந்தது இதுவரை இரண்டு முறைதான்.

ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறு, எல்லாவற்றுக்கும் ஒரே செயலியைத் தேடியது. ஒரு குழுவுக்குத் தேவைப்படுவது மூன்று வேறு வேறு விஷயங்கள். பேசிக்கொள்ள ஓர் இடம். பேசி முடிவானதை வைக்க ஓர் இடம். எது எப்போது என்று காட்ட ஓர் இடம். இந்த ஊரில் வட்டிக்கடைக் கணக்கு பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். அன்றாடம் நடப்பதைச் சிட்டையில் எழுதுவார்கள், பிறகு அதைப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்து, முதலாளி சொந்த ஊரில் இருந்தபடி மேலாள், அடுத்தாள் என்ற பணியாளர்களைக் கொண்டு தொழில் நடத்தியது கடிதமும் இந்தக் கணக்கு ஒழுங்கும் இருந்ததால்தான். நாங்கள் சிட்டையை மட்டும் வைத்துக்கொண்டு தொழில் நடத்தியிருக்கிறோம். எங்கள் சிட்டை வாட்ஸ்அப்.

முதலில் அதையே பார்ப்போம். வாட்ஸ்அப்பை விட முடியாது என்பது எங்களுக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. எல்லாரிடமும் இருக்கிறது, காசு கிடையாது, படிக்கச் சிரமப்படுகிறவரும் குரலில் பேசிவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு. இந்த வீடுகளின் சுவர் கனம் சாதாரணமில்லை. வளவுக்குள், அதாவது உள்முற்றப் பகுதிக்குள், நின்றால் பல வீடுகளில் சிக்னல் கிடைக்காது. மேஸ்திரி உள்ளே நின்று படமெடுத்து அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். முகப்புக்கு அவர் வரும்போது அது தானாகப் போய்ச் சேரும். இந்தப் பொறுமை எல்லாச் செயலிக்கும் இல்லை.

ஆனால் முடிவுகளை அதில் வைக்கக் கூடாது. ஒரு செய்திக்கு நட்சத்திரம் போட்டால் அது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும், குழுவுக்குத் தெரியாது. மேலே பின் செய்து வைத்தால் அதிகபட்சம் 30 நாள், அதுவும் மூன்று செய்திகள்தான். அனுப்பியவர் சுமார் இரண்டு நாள் வரை எல்லாருக்குமாக அழித்துவிடலாம். தமிழில் பேசிய குரல் பதிவுக்குள் தேட எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. படங்களைச் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், தூணின் விரிசலைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது. இதற்கு மட்டும் ஒரு வழி உண்டு: படத்தைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். மேஸ்திரிக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஒரு மத்தியானம் ஆனது. சென்னைத் தம்பிக்கு அதனால் மிச்சமான நேரம் நிறைய.

டெலிகிராமை மூன்று வாரம் வைத்துப் பார்த்தோம். ஒரு குழுவுக்குள்ளேயே வீட்டுக்கு ஒரு தலைப்பு என்று பிரித்துக்கொள்ளலாம், புதிதாகச் சேருபவரும் பழைய பேச்சைப் படிக்கும்படி வைக்கலாம், படங்களைப் போனிலிருந்து நீக்கினாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பேசுவதற்கு மட்டும் என்றால் வாட்ஸ்அப்பைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். ஆனால் அதன் சாதாரண உரையாடல்களும் குழுக்களும் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) செய்யப்படுவதில்லை, தனி ரகசிய உரையாடல்களுக்கு மட்டும்தான் அது. எங்கள் தொழிலில் இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன். தவிர, இரண்டு இடத்தில் பேச ஆரம்பித்தால் எதில் சொன்னோம் என்பதே மறந்துபோகிறது. விட்டுவிட்டோம்.

ஸ்லாக்கைச் சென்னைத் தம்பி ரொம்பவும் விரும்பினான். கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிற குழுவுக்கு அது நல்ல சாமான்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சேனல், ஒவ்வொரு செய்திக்கும் கீழே தனி இழை, தேடினால் சட்டென்று கிடைக்கும். எங்களுக்கு இடித்தது இலவசத் திட்டத்தின் வரம்பு. 90 நாளுக்கு முந்தைய செய்திகள் கண்ணுக்குத் தெரியாது, ஒரு வருடத்துக்கு முந்தையவை அழிந்தே போகும். ஒரு வீட்டு வேலை எங்களுக்குக் குறைந்தது எட்டு மாதம் ஓடும். தையில் பேசிய நிறம் வைகாசியில் மறைந்துவிடும் என்றால் அதே கதைதான் திரும்பவும். பணம் கட்டினால் இந்த வரம்பு இல்லை. ஆனால் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம். ஆறு பேரில் அதைத் திறந்தே பார்க்காத இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்ட மனம் வரவில்லை.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் எங்கள் கையிலிருந்த போன்களுக்குக் கனமாக இருந்தது. ஜோஹோவின் அரட்டைச் செயலியான கிளிக் நன்றாகவே இருந்தது. 1996இல் தொடங்கி, சென்னையையும் தென்காசியையும் மையமாக வைத்து வளர்ந்த நிறுவனம், அஞ்சல், கணக்கு, வேலைப் பட்டியல் எல்லாம் ஒரே வீட்டுக்குள் கிடைக்கும். ஏற்கெனவே ஜோஹோவில் கணக்கு வைத்திருப்பவர்கள் வேறெங்கும் போக வேண்டாம், அதிலேயே தொடரலாம் என்பது என் கருத்து. எங்கள் அக்காவோ சாதாரண விரிதாளில் கணக்குப் போடுகிறவர்.

நான் உண்மையிலேயே நம்பிக்கை வைத்தது ட்ரெல்லோவின் மேல். சுவரில் சீட்டு ஒட்டுவது போலத்தான் அது. ‘செய்ய வேண்டியது’, ‘நடக்கிறது’, ‘முடிந்தது’ என்று மூன்று பத்தி, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை, வேலை நகர நகர அட்டையை அடுத்த பத்திக்கு இழுத்துவிட வேண்டும். இலவசத் திட்டத்தில் ஒரு பணியிடத்துக்கு 10 பேர், 10 பலகை. ஆறு பேருக்குத் தாராளம். யார் எந்த அட்டையை எப்போது நகர்த்தினார் என்ற வரலாறு அட்டையிலேயே இருக்கும். வீட்டுக்கு ஒரு பலகை போட்டேன். சிங்கப்பூர்த் தங்கைக்கு அது கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் போனில் கேட்கும்போதே பார்த்துப் பதில் சொல்லிவிடுவாள்.

மூன்றாவது வாரம் பலகையைத் திறந்து பார்த்தேன். ‘நடக்கிறது’ பத்தியில் பதினோரு அட்டை. கானாடுகாத்தானுக்கு நேரில் போனால் அதில் ஏழு வேலை முடிந்திருந்தது. மேஸ்திரியிடம் கேட்டேன். “தம்பி, அதுக்குள்ள போயி இழுத்து விடுறதெல்லாம் நமக்கு ஆகாது. வாயில சொல்லுங்க, செஞ்சுர்றேன். முடிஞ்சா சொல்லிர்றேன்” என்றார். சொல்லியும் இருக்கிறார், வாட்ஸ்அப்பில். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கையில் சுண்ணாம்பும் கரணையுமாக நிற்கிறவர் போனை எடுத்து அட்டையைத் தேடி நகர்த்த வேண்டும் என்று எதிர்பார்த்தது என் தப்பு. ஆறு பேரில் இரண்டு பேர் தொடாத பலகை, பொய் சொல்கிற பலகை. அதை நம்பித் தங்கை ஒரு வீட்டுக்காரருக்குத் தவறான பதில் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் அக்கா சொன்னார், “நீங்க எல்லாரும் சிட்டையிலயே பேசுங்கடா, பேரேட்டுல நான் ஏத்திர்றேன்” என்று. அவர் தொடங்கியது கூகுள் ஷீட்ஸில் ஒரே ஒரு தாள். தேதி, வீடு, முடிவு, சொன்னவர், செய்பவர், எதற்குள், முடிந்ததா என்று ஏழு பத்தி. முதல் வரியை அவரே எழுதினார்: “பட்டாலை ஓரப் பூ, பச்சை அல்ல, சிவப்பு.” தினமும் மாலை ஆறரைக்கு அன்றைய வாட்ஸ்அப் பேச்சைக் கேட்டு, முடிவானதை மட்டும் வரியாக ஏற்றுவார். ஏற்றியதும் அந்த வரியைப் படமெடுத்துக் குழுவில் போடுவார். மேஸ்திரியும் ஆத்தங்குடி அண்ணனும் அதற்குக் கட்டைவிரல் காட்டினால் முடிவு உறுதி. காட்டாவிட்டால் மறுநாள் காலை அக்காவே போன் செய்வார். கல் ஊற்றுவதற்கு முன் அண்ணன் பார்ப்பது அந்தத் தாளின் படத்தை மட்டும்தான், வாட்ஸ்அப்பில் யார் என்ன பேசினாலும் சரி.

ட்ரெல்லோவோடு வைத்துப் பார்த்தால் இந்தத் தாளில் அழகு குறைவு, நினைவூட்டல் தானாக வராது, நூறு வரியைத் தாண்டினால் கண் சோரும். ஆனால் ஒரு ஆள் பொறுப்பில் இருப்பதால் அது பொய் சொல்வதில்லை. எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார் என்று பழைய பதிப்புகளைத் திறந்து பார்க்கலாம். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழ்க் குரல் தட்டச்சு உண்டு என்பதால் அக்கா பெரும்பாலும் பேசியே நிரப்புகிறார். ‘கடுக்காய்’, ‘மேங்கோப்பு’ போன்ற சொற்களில் மட்டும் கை வைத்துத் திருத்த வேண்டியிருக்கிறது. ஒரே குறை, அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் அன்று பேரேடு நின்றுவிடும். அதற்காகத் தங்கை மாற்றாளாகப் பழகியிருக்கிறாள்.

இனி நேரம். இதில்தான் எங்களைப் போன்ற குழுவுக்குச் சிக்கல் அதிகம், கருவி நன்றாக உதவுவதும் இதில்தான்.

பல வீடுகளுக்குப் பங்காளிகள் பத்துப் பன்னிரண்டு பேர். கூரை ஓட்டை மாற்ற வேண்டும் என்றால்கூட எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் சிங்கப்பூரில், நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். ஒருவர் நியூஜெர்சியில், நமக்குக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் பின்னால். அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். பிரிட்டனில் அது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இடைப்பட்ட வாரங்களில் மனக்கணக்கு நிச்சயம் தப்பும். நாங்கள் வாட்ஸ்அப்பில் “உங்க நேரம் ராத்திரி 9 மணி” என்று எழுதி, மார்ச்சில் ஒரு பங்காளி ஒரு மணி நேரம் யாருமில்லாத இணைப்பில் காத்திருந்தார். மனிதர் கோபப்படவில்லை, ஆனால் எங்களுக்கு வெட்கமாகிவிட்டது.

கூகுள் காலண்டர் அழைப்பில் இந்தப் பிரச்சினையே இல்லை. நம் நேரத்தைப் போட்டால் அவரவர் போனில் அவரவர் ஊர் நேரமாகக் காட்டும், கடிகார மாற்றமும் சேர்ந்தே. இதற்கு மட்டுமே நான் அதை யாருக்கும் பரிந்துரைப்பேன். எங்களுக்குக் கைகொடுக்கும் நேரம் ஞாயிறு காலை ஏழரை. சிங்கப்பூரில் பத்து மணி, நியூஜெர்சியில் சனி இரவு ஒன்பதோ பத்தோ. திங்கள் காலை ஏழரை அப்படி அமையாது. அன்று ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம், பங்காளிகளில் மூத்தவர்கள் சம்மதம் பேச அந்த நேரத்தில் உட்கார மாட்டார்கள். இதை எந்தச் செயலியும் தானாகச் சொல்லாது. அக்கா வாரத்தின் ஏழு ராகு காலத்தையும் தனிக் காலண்டராகப் போட்டு, வாராவாரம் திரும்ப வரும்படி வைத்துப் பகிர்ந்துவிட்டார். சாம்பல் நிறத்தில் தெரியும். பார்ப்பவர் பார்க்கட்டும்.

திருவிழாக்களுக்கு இந்த வித்தை செல்லாது. பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல் தைப்பொங்கலை அடுத்து வரும் முதல் செவ்வாய். வருடாவருடம் திரும்பும் என்று ஆங்கிலத் தேதியில் வைத்தால் அடுத்த வருடமே தப்பிவிடும். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒவ்வொரு வருடமும் கையால் போடுகிறோம். வெளிநாட்டுக் குடும்பங்கள் ஊருக்கு வருவது இந்த நாட்களுக்குத்தான், “அதுக்குள்ள வளவைத் திறந்து விட்டுருங்க” என்பார்கள். ஐப்பசி மழையில் சுண்ணாம்புப் பூச்சு காயாது. ஆகவே இந்த நாட்களிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் எல்லா வேலைக்கும் தேதி வைக்கிறோம்.

மேஸ்திரி காலண்டர் செயலியையும் திறப்பதில்லை. இதற்கும் அக்காதான் வழி கண்டார். கூகுள் காலண்டர் தினமும் அதிகாலை அன்றைய நிகழ்ச்சிகளை மின்னஞ்சலில் அனுப்பும்படி வைக்கலாம். அதோடு காலண்டரின் வாரப் பக்கத்தையும் பார்த்து, திங்கட்கிழமைதோறும் அந்த வாரத்தின் வேலைகளை வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரலில் சொல்லிவிடுவார். மேஸ்திரி அவற்றை வேலையிடத்தில் ஆணியில் தொங்கும் தினசரி காலண்டரின் தாள்களில் பென்சிலால் குறித்துக்கொள்வார். நல்ல நேரம், ராகு காலம், கரிநாள் எல்லாம் அச்சடித்திருக்கிற அதே தாளில், ஓரமாக, “நிலை வைக்க”, “கல் இறக்க” என்று. நிலை வைக்கும் நாள் கரிநாளில் விழுந்திருந்தால் முதலில் கண்டுபிடித்துச் சொல்வது அவர்தான்.

நேரம் கேட்டு வாங்கும் கருவிகளையும் பார்த்தோம். பல பேருக்குப் பொதுவான நேரம் தேட டூடுல் நல்லது. வாட்ஸ்அப் வாக்கெடுப்பிலும் கேட்கலாம், ஆனால் அதில் நாம் எழுதும் நேரம் வெறும் எழுத்துதான், ஊருக்கு ஏற்ப மாறாது. ஒருவரோடு ஒருவர் பேச நேரம் கொடுப்பதற்குக் காலெண்ட்லி. இலவசத்தில் ஒரே ஒரு வகைச் சந்திப்புதான் வைக்க முடியும், தங்கைக்கு அது போதுமாக இருக்கிறது. மூத்தவர்களுக்கு இணைப்பு அனுப்பி “நீங்களே நேரம் தேர்ந்தெடுங்கள்” என்பது இங்கே மரியாதையாகப் படாது. அவர்களுக்குத் தங்கை போன் செய்து, “ஆச்சி, எப்ப பேசலாம்?” என்று கேட்டு, தானே போட்டுவிடுவாள்.

காணொளிக் கூட்டத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் கூகுள் மீட் இலவசத்தில் 60 நிமிடம், ஜூம் 40 நிமிடம். பங்காளிகள் பேச்சு 40 நிமிடத்தில் முடிந்ததில்லை, அதனால் மீட். வீட்டைச் சுற்றிக் காட்ட மட்டும் வாட்ஸ்அப் காணொளி அழைப்பு, மேஸ்திரிக்குக் கை பழகியது அதுதான்.

டெலிகிராமைப் பற்றிப் பேசும்போது ஒன்றைப் பின்னால் சொல்கிறேன் என்றேன். நாங்கள் வேலை செய்வதில் பாதி பூட்டிக் கிடக்கும் வீடுகள். உள்ளே பர்மாத் தேக்குத் தூண், பழைய கதவு, பெட்டகம், பித்தளைச் சாமான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இப்படிப்பட்ட சாமான்களுக்கு எவ்வளவு கிராக்கி என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டின் வரைபடம், அறைவாரியான படங்கள், எந்தத் தேதியில் அங்கே ஆள் இருக்காது என்ற காலண்டர், இந்த மூன்றும் ஒரே ஆள் கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூகுளில் ‘இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்’ என்று பகிர்வது வசதிதான், தயவுசெய்து செய்யாதீர்கள். பெயர் சொல்லி, மின்னஞ்சல் சொல்லி, அவருக்கு மட்டும் திறந்துவிடுங்கள். வேலை முடிந்து போகிற ஆளின் அனுமதியை அன்றே எடுத்துவிடுங்கள். நாங்கள் வீட்டின் பெயரைக்கூடக் காலண்டரில் எழுதுவதில்லை, எண்தான்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்புப்பிரதியும் 2024 முதல் அதே கணக்கில்தான் சேருகிறது. எங்களுக்கு நாலே மாதத்தில் நிறைந்தது. குழுவுக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து, அதற்கு மட்டும் கூடுதல் இடம் வாங்கி, வீட்டுக்கு ஒரு கோப்புறை வைத்திருக்கிறோம். நாங்கள் இதுவரை பணம் கட்டியது அதற்கு மட்டும்தான்.

ஆக, எங்கள் ஆறு பேருக்கு வாட்ஸ்அப், ஒரு விரிதாள், கூகுள் காலண்டர். உங்கள் குழுவில் எல்லாரும் கணினி முன்னால் இருப்பவர்கள் என்றால் இந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே விரிதாளைவிட ட்ரெல்லோ நன்றாக நடக்கும், ஸ்லாக்குக்குப் பணம் கட்டுவதும் தகும். சேலை விற்பது போல ஒரே வகை வேலை திரும்பத் திரும்ப வருகிற இடத்திலும் ட்ரெல்லோதான் என் தேர்வு: சாயம், தறி, அஞ்சல் என்று அட்டை நகர்வது கண்ணுக்குத் தெரியும். குழுவில் பேரேட்டை ஏற்ற ஆள் இல்லை என்றால் விரிதாளைத் தொடவே வேண்டாம், பத்து நாளில் அது பழையதாகிவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்தில் எந்தச் செயலியையும் இறக்க வேண்டாம். உங்கள் குழுவில் போனை ஆகக் குறைவாகத் தொடுகிறவர் யார் என்று பாருங்கள். அவர் பக்கத்தில் ஒரு முழு நாள் இருந்து, தகவல் அவருக்கு எப்படி வருகிறது, அவர் எப்படித் திருப்பிச் சொல்கிறார், எதில் குறித்துக்கொள்கிறார் என்று பாருங்கள். நான் கானாடுகாத்தானில் அப்படி ஒரு நாள் இருந்தது ட்ரெல்லோவுக்குப் பிறகு. முன்னாலேயே போயிருந்தால் அந்த ஆணியும் தினசரி காலண்டரும் அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.